ராடு சார், இளிங்க!

நின்றுகொண்டே தூங்கத் தெரிந்த ஜீவன்கள் உலகத்தில் இரண்டே இரண்டுதான். ஒன்று குதிரை, இன்னொன்று எங்கள் ராடு சார். இரண்டையும் மைசூரில் பார்க்கலாம். குதிரை அரண்மனை வாசலில் டாங்கா வண்டியோடு நிற்கும். ராடு சார் எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில் நிற்பார். குதிரைக்கு நாலு கால் இருக்கிறது, அது தூங்குவதில் ஒரு பெருமையும் இல்லை. ரிங் ரோட்டு ஸ்பீட் பிரேக்கர்கள் மீது பறக்கும் பஸ்ஸில், ஒரு கையால் மேலே இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் டிபன் பை தொங்க, குறட்டை விட்டுத் தூங்கிக் காட்டட்டும், அப்போது ஒப்புக்கொள்கிறேன்.

'ராடு' என்று பெயர் வைத்த புண்ணியவதி நானேதான். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து மைசூர் மண்டி மொஹல்லாவுக்கு வந்த மூன்றாவது மாதம், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வால்வு தயாரிக்கும் ஒரு ஃபேக்டரியின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் ஏழாம் நம்பர் கம்பெனி பஸ். முதல் நாள் ஏறினால் பஸ் முழுக்க ஆட்கள். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் ஜன்னலோர சீட் ஒன்று மட்டும் காலி. அதன் பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நீங்க உட்காரலையா சார்?" என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"பேடாம்மா. நீ உக்காரு. டாக்டர் என்னை நிக்கச் சொல்லி ஹேளியிருக்கார். முட்டி" என்றார்.

முட்டிவலிக்கு நிற்கச் சொல்லும் டாக்டரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சரி, மைசூர் வைத்தியம் இப்படித்தான் போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று பஸ் பிரேக் போட்டபோதெல்லாம் மனிதர் தடுமாறினார். இரண்டு தடவை என் டிபன் பாக்ஸ் மீதே விழுந்தார். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெப்பாளில் பஸ் நின்றதும் அவர் என்னைப் பார்த்து, "இளிங்கம்மா" என்றார்.

நான் இளித்தேன். புது இடம், மூத்தவர் சொல்கிறார், சிரித்து வைப்பதில் என்ன நஷ்டம்?

"அய்யோ, இளிங்கம்மா, இளிங்க!"

கடைவாய்ப் பல் வரை காட்டினேன். எனக்குப் பின்னால் நாற்பது பேர் இறங்க முடியாமல் நின்றார்கள். டிரைவர் மாதேவண்ணா திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கன்னடத்தில் 'இளி' என்றால் இறங்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்? மைசூர்த் தமிழர்கள் கன்னட வார்த்தையை எடுத்து அதற்குத் தமிழ் வால் ஒட்டி, 'இளிங்க' என்பார்கள் என்பது ஜாதகத்திலா எழுதியிருந்தது? ராடு சாரின் அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவராம். பிள்ளை பிறந்ததே ரயில்வே காலனியில். அவர் பேசும் தமிழில் பாதியை நான் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது.

அந்த வாரமே பெயர் வைத்துவிட்டேன். பஸ் கம்பியை விடாததால் ராடு. எங்கள் திருச்சி கல்லூரியில் அறுவை போடுகிறவர்களையும் 'ராடு' என்போம், அந்த அர்த்தத்திலும் பொருந்தியது. ஏனென்றால், யார் எழுந்து சீட் கொடுத்தாலும் அவர் ஏன் உட்காரக் கூடாது என்பதற்கு ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். திங்கட்கிழமை முட்டி. செவ்வாய்க்கிழமை சர்க்கரை. ஒருநாள் குடல் நேராகத் தொங்கினால்தான் இட்லி ஜீரணமாகும் என்று விஜயநகரிலிருந்து ஹெப்பாள் வரை எனக்கு விளக்கினார். ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷமும் அந்த மனிதர் பஸ்ஸில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் வருஷ முடிவிலேயே நின்றபடி தூங்கும் கலையில் தேறிவிட்டார். பஸ் இடதுபக்கம் திரும்பினால் உடம்பு தானாக வலதுபக்கம் சாயும், கண் திறக்காது. ஒருமுறை எங்கள் எதிரே ஒரு எருமை வந்து மாதேவண்ணா அடித்த பிரேக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டோம். ராடு சார் மட்டும் கம்பியைச் சுற்றி ஒரு அரை வட்டம் போட்டுப் பழைய இடத்துக்கு வந்து நின்றார். குறட்டை நிற்கவில்லை. ஹெப்பாள் வந்ததும் மாதேவண்ணா திரும்பி, "ராடு சார், இளீரி!" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பையைத் தோளில் ஏற்றி, "பந்தே, பந்தே" என்று கன்னடத்தில் 'வந்துட்டேன்' சொல்லியபடி இடது காலை முன்னே வைத்து இறங்குவார். படியில் இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் கண் திறக்கும்.

இந்தக் காட்சியை எங்களில் யாரோ போனில் பிடித்து ஊர் முழுக்கச் சுற்ற விட, அது ஒரு தமிழ்ச் சேனல்காரர்கள் கண்ணில் பட்டது. பத்துப் பன்னிரண்டு பேரைத் தீவில் கொண்டுபோய் விட்டு, பட்டினி போட்டு, மரம் ஏறவிட்டு, யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்க்கும் நிகழ்ச்சி. இரண்டு மாதம் ஷூட்டிங். ராடு சாரைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு எதுக்கும்மா இந்த ஹுச்சாட்டம்?" என்று சொல்லிவிட்டார். பைத்தியக்கார வேலை என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஜன்னலில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. பாதுகாப்பு விதிப்படி அடுத்த வாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் யாரும் நின்றுகொண்டு வரக் கூடாது. எங்கள் பஸ்ஸில் சீட் நாற்பத்திரண்டு. நாங்கள் நாற்பத்து மூன்று பேர். கடைசியாகச் சேர்ந்தவர் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அந்த ரூட்டில் எனக்குப் பிறகு ஒருவரும் சேரவில்லை. ஒன்பது வருஷம் ஆகியும் நான்தான் ஜூனியர்.

பர்சனல் ஆபீசரிடம் போய் நின்றேன். "தசரா முடிஞ்சதும் ஐம்பது சீட் பஸ் வருதும்மா. அதுவரைக்கும் ஒரு ஆள் குறைஞ்சே ஆகணும். இந்த ரெண்டரை மாசம் நீங்க எப்படியாவது வந்துக்குங்க" என்றார்.

எப்படியாவது என்றால் எப்படி? மண்டி மொஹல்லாவிலிருந்து இரண்டு டவுன் பஸ் மாறி, ஏழரை மணிக்கு நான் கார்டு தேய்த்தாக வேண்டும். மூன்று லேட் மார்க் விழுந்தால் அரைநாள் லீவு போகும். என் கணவருக்குச் சாமராஜநகரில் வேலை, அவர் எனக்கு முன்பே கிளம்பிவிடுவார். ஸ்கூட்டி ஓட்டிப் பழகலாமென்றால், முதல் பாடத்திலேயே ஒரு பூக்காரம்மா வண்டியில் போய் மோதி, தலையிலிருந்து கால் வரை செவ்வந்தியோடு வீடு திரும்பியவள் நான். 'அலையாம வீட்டோட இரேன்' என்று சொல்ல என் மாமியார் காத்துக்கொண்டிருந்தார். அந்த வேலை எனக்கு உயிர். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் ராடு சார் தூங்கிக்கொண்டு நின்றார். தூங்கினார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறியதும், "டிவிக்குப் போறேம்மா, ஒப்புக்கிட்டேன்" என்றார். சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் கிளம்பிப் போய்விட்டார். பஸ்ஸில் நாற்பத்திரண்டு பேர். என் பெயர் லிஸ்டில் தங்கியது. அப்பாடா, நல்ல நேரத்தில் மனிதருக்கு டிவி ஆசை வந்ததே என்று சாமுண்டி அம்மனுக்கு நன்றி சொன்னேன். அவர் தோற்றுத் திரும்பினால் என் சீட் போய்விடும் என்ற கணக்கு மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த நிகழ்ச்சியை என் அளவுக்கு நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

டிவியில் அவருடைய நிஜப் பெயரைப் போட்டார்கள். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர், "இது யாரப்பா?" என்று கேட்டார்கள். அதனால் அதை இங்கே எழுதப் போவதில்லை.

வாராவாரம் ஒருவரை வெளியே அனுப்பினார்கள். மற்றவர்கள் கூட்டணி போட்டார்கள், காலை வாரினார்கள், கேமராவைப் பார்த்துக் கதறினார்கள். ராடு சார் மாட்டவே இல்லை. அவர் தமிழ் பாதி புரியாததால் அவரோடு சண்டை போட யாராலும் முடியவில்லை. ஒரு ஜிம் பையன் முறைத்துக்கொண்டு வந்தபோது, "சும்னே இரப்பா, ஸ்வல்ப கஞ்சி குடி" என்றார். அவன் குழம்பிப்போய்க் கஞ்சி குடித்தான்.

ஐந்தாவது வாரம் முடிந்த ஒரு திங்கட்கிழமை ராடு சார் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று செய்தி வந்தது. தசராவுக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி. போனில் கேட்டேன்.

"என்ன சார் ஆச்சு? எப்படித் தோத்தீங்க?"

"அதான் எனக்கும் தெரியலைம்மா" என்றார், நிஜமான குழப்பத்தோடு. "நின்னுட்டு இருந்தேன். அப்புறம் தண்ணில இருந்தேன்."

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. மாதேவண்ணா உட்பட நாங்கள் இருபது பேர் ரயில்வே காலனிப் பக்கம் இருந்த அவர் வீட்டில் போய் அடைந்துகொண்டோம். அவர் மனைவி சரோஜாக்கா அவல் உப்புமா கொடுத்தபடி எங்களிடம் நியாயம் கேட்டார்.

"இவர் நிக்கறதுக்கு டிவில கூப்பிட்டாங்களாமே! வீட்ல சோபாவுல உக்காந்தா தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டார், கேளுங்க!"

ராடு சார் சோபாவில் சாய்ந்தபடி ரிமோட்டைத் தேடினார். அது அவருக்கு அடியில் இருந்தது. முட்டிக்கு உட்காரவே கூடாத மனிதர் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

போட்டி இதுதான். கடலில் ஏழு மரத்தூண்கள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு பாதம் மட்டும் வைக்கிற அளவுக்கு ஒரு பலகை. தலைக்கு மேலே ஒரு இரும்புக் கம்பி. கம்பியை ஒரு கையாலாவது பிடித்திருக்க வேண்டும். கையை விட்டாலோ காலை எடுத்தாலோ அவுட். ஜெயிப்பவர் நேராகக் கடைசிச் சுற்றுக்குப் போகலாம், தோற்றவர்களில் ஒருவரை மற்றவர்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மேலே கம்பியைப் பார்த்ததும் டிவிக்குள் இருந்த ராடு சாரின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! பெற்ற தாயைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை. பிடித்தார், கண்ணை மூடினார்.

ஜிம் பையன் ஒரு மணி நேரத்தில் விழுந்தான். யோகா டீச்சர் மூன்றாவது மணியில் மூச்சை உள்ளே இழுத்தவர், வெளியே விடும்போது தண்ணீருக்குள் இருந்தார். அலை வந்து தூண்கள் ஆடின. ராடு சார் இடதுபக்கம் சாய்ந்தார், வலதுபக்கம் சாய்ந்தார், குறட்டை மைக்கில் தெளிவாகக் கேட்டது. நிகழ்ச்சி நடத்திய சென்னைப் பையன் மிரண்டுபோய் டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் படகில் வந்து கீழேயிருந்து பார்த்துவிட்டு, "தூங்குறார், நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாவது மணியில் இரண்டு பேர்தான் மிச்சம். ராடு சாரும், ஓசூரிலிருந்து வந்த ஒரு கபடி வீராங்கனையும். அந்தப் பெண்ணின் முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. இன்னும் ஐந்து நிமிஷம்கூடத் தாங்க மாட்டாள். 'எப்படித் தோற்றார்? இதில் எப்படித் தோற்க முடியும்?' என்று நான் உப்புமாவைக் கையில் பிசைந்துகொண்டிருந்தேன்.

அப்போது அந்தச் சென்னைப் பையனுக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. படகில் நின்றுகொண்டு மைக்கை வாயில் வைத்துக் கத்தினான்.

"சார்! ஜெயிக்கப் போறீங்க சார்! எட்டு மணி நேரமா உம்முனே நிக்கறீங்களே, கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் இளிங்க சார்! இளிங்க!"

டிவிக்குள் ராடு சார் கண்ணைத் திறக்கவில்லை. இல்லாத பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "பந்தே, பந்தே" என்றார். இடது காலை முன்னே வைத்துக் கடலில் இறங்கினார்.

தொபுக்கடீர்.

இருபது பேரும் சேர்ந்து போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாதேவண்ணா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "எல்லா நந்தே தப்பு! தினா தினா கூப்பிட்டுக் கூப்பிட்டு நான்தான் கெடுத்துட்டேன்!" என்று புலம்பினார். ராடு சார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓ! ஹெப்பாள் வந்துடுச்சுன்னு இறங்கிட்டேனா?" என்றார். சரோஜாக்கா சிரித்துச் சிரித்துக் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் யாருக்கும் இது புரியவில்லை. அந்தப் பெண்ணுக்காக ஜெயிக்க வேண்டிய போட்டியை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பின்னணியில் வயலின் வாசித்து, ராடு சார் விழுந்ததை ஆறு தடவை மெதுவாகக் காட்டினார்கள். "இப்படியும் ஒரு மனுஷனா!" என்று அந்தச் சென்னைப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் மட்டும் சிரித்து முடித்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்பினால் மறுபடியும் நாற்பத்து மூன்று பேர். கழிக்க வேண்டிய பெயர் என்னுடையது.

திங்கட்கிழமை காலை, கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமென்று பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ் வந்தது. என் சீட் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் கம்பியில் யாரும் இல்லை.

ரிங் ரோட்டில் பஸ் ஒரு சைக்கிளைத் தாண்டியது. டிபன் பை ஹேண்டில்பாரில் தொங்க, ராடு சார் மிதித்துக்கொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்து, "என்ன சார் இது?" என்று கத்தினேன்.

"டாக்டர் ஹேளியிருக்கார்மா! முட்டிக்கு சைக்கிள் பஹள நல்லதாம்!"

"நின்னா நல்லதுன்னார், இப்ப மிதிச்சா நல்லதா? அந்த டாக்டர் ஒரு நிலையில இருக்க மாட்டாரா?" என்று மாதேவண்ணாவிடம் சலித்துக்கொண்டேன்.

மாதேவண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "டாக்டரும் இல்லே, முட்டியும் இல்லே அக்கா. நீங்க வர்றதுக்கு முந்தி நாங்க நாற்பத்திரண்டு பேர்தான். அந்த ஜன்னல் சீட்டு அவர்துதானே. உக்காந்து சுகமாத் தூங்குவார். புதுசா ஒரு ஹுடுகி வருது, தமிழ்ப் பொண்ணு, ஊர் புதுசு, நிக்க வேண்டாம்னு அன்னிக்குக் காலையில ஏறும்போதே நின்னுட்டார். யாரும் உங்ககிட்ட ஹேளக் கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் ஆர்டர்."

ஒன்பது வருஷமாக அவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு ராடு என்று பெயரும் வைத்து, அவருடைய முட்டி டாக்டரைக் கிண்டல் செய்துகொண்டு போயிருக்கிறேன். நான் அழுத அன்று அவர் தூங்கவே இல்லை. தீவுக்குப் போனதும் தசரா வரைக்கும் ஒரு ஆள் குறைவதற்காகத்தான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

பதினாறு நாள் சைக்கிளிலேயே வந்தார். தினமும் ரிங் ரோட்டில் பஸ் அவரைத் தாண்டும்போது எல்லா ஜன்னலிலிருந்தும் தலைகள் நீளும். "ராடு சார், இளிங்க!" என்று கத்துவோம். அவர் சைக்கிளை விட்டு இறங்கவும் செய்வார், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் செய்வார்.

தசரா முடிந்தது. யானைகள் காட்டுக்குத் திரும்பின, ஐம்பது சீட்டோடு புது பஸ் வந்தது. முதல் நாள் ஏறிப் பார்த்தால், ஒன்பது சீட் காலியாகக் கிடக்கிறது, ராடு சார் சுற்றறிக்கையை மதிக்காமல் பழைய பழக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நான் போய் அவர் பக்கத்தில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா நிக்கறே? இவ்ளோ சீட்டு காலி இருக்கே."

"டாக்டர் நிக்கச் சொல்லி ஹேளியிருக்கார் சார். முட்டி."

என்னைப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் மாதேவண்ணாவின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு ரோட்டில் மிகவும் கவனமாக இருந்தது.

"எந்த டாக்டரும்மா?"

"உங்க டாக்டர்தான் சார். ஒன்பது வருஷம் நிக்கணும்னு சொல்லியிருக்கார். நீங்க உட்காருங்க, ஜன்னல் பக்கம்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். குடலைப் பற்றியா சர்க்கரையைப் பற்றியா தெரியவில்லை, பாதியிலேயே விட்டுவிட்டார். இரண்டாவது வரிசை ஜன்னலோரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். ரிங் ரோடு வருவதற்குள் தலை கண்ணாடியில் சாய்ந்து, குறட்டை வந்துவிட்டது. நான் பிரேக்குக்குப் பிரேக் அவர் டிபன் பை மேல் விழுந்து எழுந்துகொண்டு வந்தேன்.

ஹெப்பாளில் பஸ் நின்றது. மாதேவண்ணா வழக்கம்போலத் திரும்பி வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் இன்ஜினை அணைத்தார். பின்னாலிருந்து எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டில் ஏழரை மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

அன்று ஏழாம் நம்பர் பஸ்ஸில் வந்த நாற்பத்து மூன்று பேருக்கும் லேட் மார்க். ஒருவர்கூட 'இளிங்க' என்று சொல்லவில்லை.